யூஸ் பண்ணின ஃபிக்ஸர எங்க ஊத்துறது? எங்க வீட்டு சிங்க் தண்ணி நேரா லோங்காங்குக்கு (வீட்டுப் பின்னாடி ஓடுற தொறந்த காவாய்க்கு) போவுது

ஆயர்ஈத்தாம்_ரோல்
ஞாயிறு, இரவு 9:52

எல்லாருக்கும் வணக்கம். பினாங்குல ஆயர் ஈத்தாம் பக்கம் அப்பா காலத்து வரிசை வீட்ல இருக்கேன், ரெண்டு வருஷமா கருப்பு வெள்ளை ஃபிலிம் வீட்டுலயே கழுவுறேன், பின்னாடி குளிக்கிற ரூம்தான் என் டார்க் ரூம். படத்த வெளிய கொண்டு வர்ற டெவலப்பர் டி-76, அத நிறுத்துற ஸ்டாப் பாத் வினிகர் கலந்த தண்ணி, கடைசியா ஃபிலிம்ல மிச்சம் இருக்கிற வெள்ளிய கரைச்சு படத்த நெலைக்க வைக்கிற ஃபிக்ஸர் சாதாரண ரேபிட் ஃபிக்ஸர். இதுவரைக்கும் டெவலப்பர், ஸ்டாப் பாத் ரெண்டையும் பின்னாடி சிங்க்லதான் ஊத்திக்கிட்டு இருந்தேன். மொத வருஷம் ஃபிக்ஸரும் அதே சிங்க்லதான். அப்புறம் யாரோ ஃபிக்ஸர ஊத்தக்கூடாதுன்னு சொன்னதால ஜெரிகேன்ல சேத்து வைக்க ஆரம்பிச்சேன், இப்ப அஞ்சு லிட்டர் சேந்து போச்சு.

போன சனிக்கிழம நடந்தத சொல்றேன். மூணு ரோல் கழுவி டெவலப்பர ஊத்திட்டு துணி எடுக்க பின் வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு பையன், ஏழு வயசு இருக்கும், லோங்காங் ஓரத்துல குந்திக்கிட்டு கப்பி மீன் புடிச்சிக்கிட்டு இருந்தான், டீ வடிகட்டிய குச்சியில கட்டி வெச்சிருந்தான். எங்க வீட்டு பைப்புலேர்ந்து டீத்தண்ணி கலர்ல ஒரு கோடு அவன் கைய தாண்டி போவுது. "அண்ணே, யாரோ தேத்தண்ணி ஊத்திட்டாங்க"ன்னு என்னையே பாத்து சொல்றான். ஓடிப்போய் பைப் தண்ணியில அவன் கைய சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவி விட்டேன். அவனுக்கு ஒண்ணும் ஆகல, அவங்க அம்மாகிட்டயும் விஷயத்த சொல்லிட்டேன். ஆனா எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்த லோங்காங் ஆயர் ஈத்தாம் ஆத்துல விழுது, அது சுங்கை பினாங்குல சேந்து கடலுக்குப் போவுது, ஒரு வருஷமா ஃபிக்ஸர் உட்பட எல்லாத்தையும் நான் அங்கதான் அனுப்பியிருக்கேன்.

இந்த அஞ்சு லிட்டர என்ன செய்றது? டெவலப்பர இனி எங்க ஊத்துறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


கேஎல்_கருப்புவெள்ளை
ஞாயிறு, இரவு 10:20

ப்ரோ, நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல கோண்டோ. எங்க பில்டிங்ல சிங்க், டாய்லெட் எல்லாமே ஒரே பைப்ல இண்டா வாட்டர் (மலேசிய கழிவுநீர் கம்பெனி) மூடின சாக்கடை பைப்புக்குப் போவுது, மேனேஜ்மெண்ட் ஆபிஸ்ல பிளான காட்டச் சொல்லி கேட்டு தெரிஞ்சிக்கிட்டேன். அதனால டெவலப்பரையும் ஸ்டாப் பாத்தையும் நெறைய தண்ணியோட டாய்லெட்ல விட்டுடுவேன், மாசத்துக்கு நாலஞ்சு ரோல்தான். ஃபிக்ஸர மட்டும் விடுறதில்ல. உங்க வீடு மாதிரி பழைய வீட்ல கணக்கே வேற. டாய்லெட் ஒரு பக்கம் போவும், சமையல் கட்டு தண்ணி, குளிக்கிற தண்ணி எல்லாம் வேற பக்கம் போவும். மொதல்ல அத கண்டுபுடிங்க.


ஃபிலிம்பைத்தியம்
ஞாயிறு, இரவு 10:41

எனக்கு இது கொஞ்சம் ஓவரா படுது, தப்பா நெனைக்காதீங்க. ஃபிக்ஸர்ல இருக்கிற வெள்ளி தனி வெள்ளியா இல்ல, ஃபிக்ஸரோட முக்கிய கெமிக்கலான தயோசல்ஃபேட்டோட கட்டிப்புடிச்ச மாதிரிதான் இருக்கு, அந்த ரூபத்துல விஷத்தன்மை ரொம்ப கம்மி. சாக்கடையில போனா அங்க இருக்கிற சல்ஃபைடோட சேந்து வெள்ளி சல்ஃபைடா மாறி கரையாம சகதியில தங்கிடும். நான் ஒண்ணும் கதை விடல, போட்டோ கம்பெனிங்களே ரொம்ப வருஷமா சொல்ற விஷயம் இது. ஒரு ஆளு மாசம் ஒரு லிட்டர் ஊத்துறதால என்ன ஆயிடப் போவுது, ஃபேக்டரிங்க டன் கணக்குல விடுறாங்களே.


லேப்_அக்கா_பிஎம்
ஞாயிறு, இரவு 11:35

ஃபிலிம்பைத்தியம் தம்பி, நீங்க சொன்ன கெமிஸ்ட்ரி சரி. ஆனா அந்தக் கணக்குல ஒரு சாக்கடையும் அதுக்கு முடிவுல ஒரு சுத்திகரிப்பு நிலையமும் இருக்கு. ஆயர் ஈத்தாம் தம்பி வீட்டு சிங்குக்கு அடுத்தது லோங்காங், அதுக்கு அடுத்தது ஆறு. நடுவுல யாரும் இல்ல. சகதிய எடுத்து வைக்க ஆள் இல்ல, சல்ஃபைடும் அங்க போதுமான அளவு இருக்காது. தயோசல்ஃபேட் சிதைஞ்சதுன்னா வெள்ளி வெளிய வரும், தனி வெள்ளி அயனி மீனுக்கும் பாசிக்கும் தண்ணியில வாழுற நுண்ணுயிருக்கும் பயங்கர விஷம். வெள்ளிய போட்டு தண்ணிய சுத்தம் பண்றாங்களே அதுக்கு காரணமே அது கிருமிய கொல்றதுதானே.

நான் புக்கிட் மெர்தாஜாம்ல ஒரு பள்ளிக்கூடத்துல சைன்ஸ் லேப்ல 27 வருஷம் வேல செஞ்சேன், இப்ப ரிட்டயர்ட். வெள்ளின்னு நான் சொல்றது நாம இங்க வெள்ளின்னு சொல்ற மலேசிய ரிங்கிட் காசு இல்ல, உலோக வெள்ளி, சின்னப் புள்ளைங்க கொழப்பிக்காதீங்க.

அளவ பாருங்க. ஃபேக்டரி கழிவுநீருக்கு நம்ம நாட்டுல 2009 சட்டம் இருக்கு, அதுல வெள்ளிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு, குடிதண்ணி எடுக்கிற எடத்துக்கு மேல் பக்கத்துல விட்டா 0.1 மில்லிகிராம். யூஸ் பண்ணி முடிஞ்ச ஃபிலிம் ஃபிக்ஸர்ல ஒரு லிட்டருக்கு சில கிராம் வெள்ளி இருக்கும். மூணு கிராம்னு வெச்சா மூவாயிரம் மில்லிகிராம். அந்த சட்டம் வீட்டுக்கு எழுதினது இல்ல, சரி, ஆனா மூவாயிரம் மடங்குங்கிறது சின்ன விஷயம் இல்ல தம்பி. ஃபேக்டரிக்காரன் அதிகமா விடுறான்னு நாம விட்டா மீனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

ஆயர் ஈத்தாம் தம்பிக்கு மொத வேல. கடையில ரோஸ் சிரப் ஒரு போத்தல் வாங்குங்க, பண்டுங் (ரோஸ் பால்) கலக்குற அதே சிரப்புதான். வீட்ல இருக்கிற ஒவ்வொரு சிங்க்லயும் ஓட்டையிலயும் ஒரு கிளாஸ் சிரப்பும் ஒரு வாளி தண்ணியும் ஊத்திட்டு பின்னாடி லோங்காங்ல ஒரு ஆள நிக்க வைங்க. எங்க செவப்பா வருதோ அந்த சிங்க்ல இனி ஒரு சொட்டு கெமிக்கல் விழக்கூடாது. உங்க மாதிரி பழைய வீட்ல டாய்லெட் மட்டும் தனி. அது இண்டா வாட்டர் பைப்ல போவுதா இல்ல வீட்டுக்கு சொந்த செப்டிக் டேங்கான்னு பில்ல பாத்தா தெரியும், இல்லன்னா முன்னாடி மூடி போட்ட தொட்டி இருக்கும். செப்டிக் டேங்க்னா அதுலயும் ஊத்த வேணாம். உள்ள இருக்கிற பேக்டீரியாதான் மலத்த கரைக்குது, டெவலப்பர்ல இருக்கிற ஹைட்ரோகுவினோன் அத கொன்னுடும்.


ஃபிலிம்பைத்தியம்
திங்கள், காலை 7:15

அக்கா சரி, லோங்காங்க நான் யோசிக்கல, ஒத்துக்கிறேன். நான் எப்பவும் அபார்ட்மெண்ட்லயே வளந்தவன், சிங்க் தண்ணி வெளிய ஓடுற வீட்டுக்கு நெனப்பே வரல. ஆனா எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கு. அஞ்சு லிட்டர வெயில்ல ஒரு அகல தட்டுல ஊத்தி காய விட்டா தண்ணி போயிடும்ல, மிச்சம் வர்ற உப்ப மட்டும் வெச்சிக்கலாமே? வெளிநாட்டுக்காரங்க சில பேர் செய்றாங்க.


லேப்_அக்கா_பிஎம்
திங்கள், காலை 8:02

நல்ல கேள்வி. ஆனா பினாங்கு காத்துல எவ்வளவு ஈரம்னு உங்களுக்குத் தெரியும், சாயங்காலம் ஆனா மழ. தட்டு நெறைஞ்சு வழிஞ்சா வாசல்லயே கொட்டின மாதிரி. அம்மோனியம் தயோசல்ஃபேட் உப்பு ஈரத்த இழுத்துக்கிட்டு மறுபடி கூழாயிடும். காயுறப்ப அம்மோனியா நாத்தமும் கந்தக நாத்தமும் வரும், பக்கத்து வீட்டுல ஆஸ்துமா இருந்தா கஷ்டம். அந்தத் தட்ட பூன நக்கினா? எனக்கு அந்த வழி புடிக்கல.


பல்நர்ஸ்_ஜெலுத்தோங்
திங்கள், மதியம் 1:18

ஹாய் எல்லாருக்கும். நான் பல் கிளினிக்ல வேல செய்றேன், போட்டோகிராஃபி பத்தி ஒண்ணும் தெரியாது, எங்க வீட்டுக்காரருதான் இங்க மெம்பர், அவரு காட்டினதால எழுதுறேன். எக்ஸ்ரே ஃபிலிம் கழுவுற காலத்துல எங்களுக்கும் இதே ஃபிக்ஸர் இதே டெவலப்பர்தான், இப்ப டிஜிட்டல். அப்ப அது எங்களுக்கு ஷெட்யூல்ட் வேஸ்ட் (சட்டத்துல பட்டியல் போட்ட ஆபத்தான கழிவு), 2005 சட்டத்துல அதுக்குன்னே ஒரு நம்பர் இருக்கு, எஸ்.டபிள்யூ. 423. போட்டோ கழுவின கழிவு தண்ணி, தூக்கிப் போடுற போட்டோ கெமிக்கல் எல்லாம் அந்த நம்பர்ல வரும். டிரம்ல நம்பர், தேதி எழுதி ஒட்டணும், 180 நாளைக்கு மேல வெச்சிருக்கக் கூடாது, லைசென்ஸ் இருக்கிற லாரிதான் எடுக்கணும், எவ்வளவு குடுத்தோம்னு ஜபாத்தான் ஆலம் செக்கித்தாரோட (சுற்றுச்சூழல் துறையோட) சிஸ்டத்துல ஆன்லைன்ல பதியணும்.

அதனால நீங்க ஜெரிகேன தூக்கிக்கிட்டு ஏதாவது கிளினிக் வாசல்ல போய் "உங்க டிரம்ல ஊத்திக்கிறீங்களா"ன்னு கேட்டா பாதி பேர் முடியாதுன்னுதான் சொல்வாங்க, அவங்க பதிவு கணக்கு ஒதைக்கும். கோவிச்சிக்காதீங்க, அவங்க மேல தப்பில்ல. எங்க பழைய காண்ட்ராக்டர நானே கேட்டுப் பாத்தேன், அவங்க டிரம் கணக்குலதான் எடுப்பாங்களாம், அஞ்சு லிட்டருக்கு லாரி வராது. காலேஜ், யூனிவர்சிட்டி லேப்ல வேல செய்ற ஆள் தெரிஞ்சா அவங்கள கேளுங்க. அங்க எல்லா வகை கெமிக்கலும் சேரும், பதிஞ்சு வாங்கிக்க வழி இருக்கும். மாநில ஆலம் செக்கித்தார் ஆபிசுக்கும் ஒரு ஃபோன் போட்டு கேளுங்க.

இன்னொண்ணு. தயவு செஞ்சு குடிக்கிற தண்ணி போத்தல்ல ஃபிக்ஸர ஊத்தி வைக்காதீங்க. பாக்க வெறும் தண்ணி மாதிரியே இருக்கு. யாராவது குடிச்சிட்டா வாந்தி எடுக்க வைக்காம உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, போத்தலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. தேசிய நச்சு மையம் நம்ம பினாங்குலயே யு.எஸ்.எம். யூனிவர்சிட்டியில இருக்கு, அவங்க நம்பர தேடி ஃபோன்ல சேவ் பண்ணி வைங்க.


ஆயர்ஈத்தாம்_ரோல்
திங்கள், இரவு 8:47

சிரப் டெஸ்ட் செஞ்சிட்டேன். அம்மாவ லோங்காங் பக்கம் நிக்க வெச்சேன். சமையல்கட்டு சிங்க், குளிக்கிற ரூம், துணி தொவைக்கிற மெஷின், மூணும் செவப்பா வந்துச்சு. குளிக்கிற ரூம் தண்ணி வர்றதுக்கு பத்து செகண்டு கூட ஆகல. டாய்லெட்ல ஊத்தினது மட்டும் வரவே இல்ல. பில்ல பாத்தேன், எங்க தாமான் (குடியிருப்பு) பொது சாக்கடை பைப்லதான் சேந்திருக்கு. அம்மா கேக்குறாங்க, முப்பது வருஷமா நாம குளோராக்ஸ் (ப்ளீச்) ஊத்தினதெல்லாம் இங்கதான் போச்சாடான்னு.

அக்கா, வெள்ளிய எடுக்க முடியுமா? ஸ்டீல் வுல் போட்டா எறங்கும்னு படிச்சேன். காசுக்காக இல்ல.


லேப்_அக்கா_பிஎம்
திங்கள், இரவு 10:10

காசுக்கு ஆகாது தம்பி. ஒரு 36 ரோல்லேர்ந்து ஃபிக்ஸர்ல எறங்குறது கால் கிராமுக்குள்ளதான். உங்க அஞ்சு லிட்டரையும் சேத்தா ஒத்தக் கால் கொலுசுக்குக் கூட காணாது. ஆனா அஞ்சு லிட்டர் தண்ணியா இருக்கிறத ஒரு ஜாம் போத்தல் சகதியா ஆக்கலாம், அது பெரிய விஷயம்.

இரும்புக்கும் வெள்ளிக்கும் ஒரு குணம் இருக்கு. வெள்ளி கரைஞ்ச தண்ணியில இரும்ப போட்டா இரும்பு கரையும், அதோட எடத்துல வெள்ளி திட வடிவத்துல எறங்கும். ஹார்ட்வேர் கடையில மரம் தேய்க்கிற ஸ்டீல் வுல் கேளுங்க, இருக்கிறதுலயே மெல்லிசானது, நாலு சைபர் போட்டிருக்கும். பாத்திரம் தேய்க்கிற சோப்பு வெச்ச ரகம் வேணாம், ஸ்டெயின்லெஸ் வேணவே வேணாம், அது கரையாது. புதுசுல எண்ணெய் பூசியிருப்பாங்க, பாத்திர சோப்பு ஒரு சொட்டு போட்டு கழுவுங்க, கழுவின உடனே போடணும், வெச்சிருந்தா துரு புடிச்சிடும். லிட்டருக்கு ஒரு உள்ளங்கை அளவு பஞ்சு, நல்லா பிச்சு லூசா விடுங்க, உருண்டையா போட்டா நடுவுல தண்ணி போவாது.

ஃபிக்ஸர் லேசா புளிப்பா இருந்தாதான் வேல நடக்கும். புளிப்பு காரம் அளக்கிற பி.எச். பேப்பர் மீன் தொட்டி கடையில கெடைக்கும், அஞ்சுலேர்ந்து ஆறு காட்டினா நல்லது. ரேபிட் ஃபிக்ஸர் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். ஆல்கலைன் (கார) ஃபிக்ஸர்னா ரொம்ப மெதுவா நடக்கும். ஆனா வேகமா நடக்கட்டும்னு ஆசிட் ஊத்தாதீங்க, பி.எச். ரொம்ப எறங்கினா தயோசல்ஃபேட் ஒடைஞ்சு கந்தகம் பால் மாதிரி வெள்ளையா வரும், சல்ஃபர் டையாக்சைட் வாயு கெளம்பும்.

வாளி பிளாஸ்டிக்கா இருக்கட்டும், வீட்டுக்கு வெளிய, கூரைக்கு அடியில, புள்ளைங்க கை எட்டாத எடத்துல. மூடிய டைட்டா மூடாதீங்க, வாயு வரும், லேசா அழுகின முட்ட வாசன கூட வரலாம், மூஞ்ச கிட்ட கொண்டு போவாதீங்க. ரெண்டு வாரம் விடுங்க, தெனம் ஒரு தடவ பழைய பிளாஸ்டிக் கரண்டியால கிண்டி விடுங்க.

முடிஞ்சதா இல்லையான்னு பாக்க பழைய கரண்டு ஒயர்ல இருக்கிற செம்புக் கம்பிய மணல் பேப்பர்ல பளபளன்னு தேய்ச்சு தண்ணியில ரெண்டு நிமிஷம் விடுங்க. வெள்ளி இருந்தா கம்பி சாம்பல் வெள்ளையா மாறிடும். செம்பு நெறமாவே இருந்தா பெரும்பகுதி எறங்கிடுச்சு. முழுசா போயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், கொஞ்சம் மிஞ்சும், இரும்பும் கலந்திருக்கும், அதனால அந்தத் தண்ணியும் லோங்காங்குக்கு ஆகாது. உங்க டாய்லெட் பொது சாக்கடையில இருக்கிறதால கொஞ்சம் கொஞ்சமா பல நாள்ல விடலாம், இல்லன்னா காலேஜ் வழி கெடைச்சா அதையும் அங்கயே குடுங்க, அதுதான் எனக்கு புடிச்ச வழி.

முக்கியமா குளோராக்ஸ ஃபிக்ஸர் பக்கமே கொண்டு போவாதீங்க. ரேபிட் ஃபிக்ஸர்ல அம்மோனியம் இருக்கு, ரெண்டும் சேந்தா நுரையீரல புண்ணாக்குற வாயு வரும். அம்மா டாய்லெட் கழுவிட்டு இருக்கிறப்ப ஃபிக்ஸர் தண்ணிய ஊத்தாதீங்க. டெவலப்பரையும் ஃபிக்ஸரையும் ஒரே கேன்ல சேக்காதீங்க, டெவலப்பர் காரம், அம்மோனியாவ கெளப்பி விடும், மூடின கேன் உப்பிக்கும். சோடியம் சல்ஃபைட் வேற, சோடியம் சல்ஃபைடு வேற, பேருல ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரெண்டாவத போட்டு வெள்ளிய எறக்கலாம்னு எங்கயாவது படிச்சா வீட்ல செய்யாதீங்க, அதுலேர்ந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆள கொன்னுடும்.


ஸ்டூடியோ_தாத்தா
செவ்வாய், காலை 6:30

தங்கச்சி லேப் அக்கா அருமையா சொல்லிட்டீங்க. நான் கோலாலம்பூர்ல ஸ்டூடியோ டார்க் ரூம்ல 1974லேர்ந்து நின்னவன். அப்பல்லாம் வெள்ளி எடுக்கிற ஆளுங்க டிரம்ம தூக்கிட்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவா வருவாங்க, பழைய ஹைப்போவ (ஃபிக்ஸர அப்ப அப்படித்தான் சொல்வோம்) காசு குடுத்து வாங்கிட்டுப் போவாங்க. அந்த ஆளுங்க எங்க கொண்டு போய் என்ன செஞ்சாங்கன்னு அப்ப நாங்க கேக்கல, இப்ப நெனச்சா மனசு அடிக்குது. ஆனா ஃபிக்ஸர யாரும் காவாயில ஊத்த மாட்டோம், மொதலாளி வைவாரு.

தம்பிகளுக்கு ஒண்ணு சொல்லணும், கழிவு கொறைய வழிய யாரும் இங்க பேசல. பாதி பேர் பயந்துக்கிட்டு நல்ல ஃபிக்ஸர தூக்கிப் போடுறாங்க. ரோல் ஆரம்பத்துல வெட்டிப் போடுற துண்டு ஃபிலிம ஃபிக்ஸர்ல போட்டு வெளுக்கிற நேரத்த எண்ணுங்க. புதுசுல முப்பது செகண்டுல வெளுத்துச்சுன்னா அந்த நேரம் ரெண்டு மடங்கு ஆகுற வரைக்கும் ஓட்டலாம். தேதிய பாத்து தூக்கிப் போடாதீங்க, துண்ட பாத்து போடுங்க. போத்தல் மேல பென்சில்ல ரோலுக்கு ஒரு கோடு.

அப்புறம் ஃபிக்ஸர் முடிச்சு மொத தடவ ஃபிலிம அலசுற தண்ணி இருக்கே, அதுலயும் வெள்ளி இருக்கு. அத எல்லாரும் சிங்க்ல விட்டுடுறாங்க. டேங்க்ல ஒரு தடவ தண்ணி ஊத்தி குலுக்கி அத ஃபிக்ஸர் கேன்லயே சேத்துடுங்க, அதுக்கப்புறம் கழுவுற தண்ணியில வெள்ளி ரொம்ப கம்மி.

பிரிண்டோட நெறத்த மாத்துற டோனர் பத்தியும் சொல்லிடறேன். செலீனியம் டோனர் வெச்சிருந்தா அத ஒரு நாளும் கொட்டாதீங்க, காப்பி வடிகட்டுற பேப்பர்ல வடிச்சு மறுபடி போத்தல்ல ஊத்தி கொஞ்சம் புதுசு சேத்து வருஷக்கணக்கா ஓட்டலாம். என்கிட்ட இருக்கிற போத்தல எப்ப தொறந்தேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கம் பிரிண்ட் (பிசினும் சாயமும் வெச்சு பிரிண்ட் போடுற பழைய முறை) செய்றவங்க பைக்ரோமேட் வெச்சிருப்பீங்க, ஆரஞ்சு கலரு, அது புத்துநோய் கெமிக்கல், அத டாய்லெட்லயும் விடக்கூடாது, செப்டிக்லயும் விடக்கூடாது. தனியா மூடி வெச்சு லைசென்ஸ் உள்ள ஆள்கிட்டதான் குடுக்கணும்.


கேஎல்_கருப்புவெள்ளை
செவ்வாய், மதியம் 12:44

தாத்தா மொத அலசல் விஷயம் எனக்குத் தெரியாது, ரொம்ப நன்றி ஐயா. இன்னிலேர்ந்து சேத்து வைக்கிறேன்.

2020 செப்டம்பர்ல கிள்ளான் பள்ளத்தாக்குல நாலு நாள் பைப்புல தண்ணி இல்லாம வாளிய தூக்கிட்டு லாரி பின்னாடி நின்னோமே, சிலாங்கூர் ஆத்துல கெமிக்கல் நாத்தம் வந்துச்சுன்னு தண்ணி சுத்திகரிக்கிற எடத்தயே மூடினாங்க. எங்க பாட்டி பதினாலாவது மாடி, லிஃப்ட்ல வாளிய ஏத்தினேன். அதுக்கு முந்தின வருஷம் பாசிர் கூடாங்ல கிம் கிம் ஆத்துல கெமிக்கல் கொட்டி 111 பள்ளிக்கூடம் மூடினாங்க, ஆயிரக்கணக்குல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அது டன் கணக்குதான், நம்மளது கிளாஸ் கணக்குதான், எனக்கும் தெரியும். ஆனா அன்னிக்கு வாளியோட நின்னப்ப யாரோ ஒருத்தன் ராத்திரியில ஊத்தினதுக்கு நாங்க நிக்கிறோம்னு இருந்துச்சு. அதுலேர்ந்து எனக்கு ஃபிக்ஸர ஊத்த கை வரல.


கொம்தார்_நிழல்
செவ்வாய், இரவு 9:05

ஒரு சின்ன விஷயம், டெவலப்பர் பத்தி. நான் டி-76ஐ ஒண்ணுக்கு ஒண்ணு தண்ணி கலந்து ஒரே தடவ யூஸ் பண்ணி விட்டுக்கிட்டு இருந்தவ. சின்ன டேங்க்ல ஒரு ரோலுக்கு 290 மில்லி, அதனால கழிவும் அவ்வளவுதான். யூஸ் பண்ணின டெவலப்பரையும் ஸ்டாப் பாத்தையும் ஒரு வாய் அகல வாளியில கலந்து வெச்சா காரமும் புளிப்பும் ஒண்ண ஒண்ணு அடக்கிடும், பி.எச். பேப்பர்ல ஏழு கிட்ட வந்ததும் டாய்லெட்ல விடுறேன், பொது சாக்கடைதான். கார்பனேட் உள்ள டெவலப்பர்னா கலக்கும்போது பொங்கும், அதனால மூடி போட்ட போத்தல்ல கலக்காதீங்க. ஒரு தடவ எனக்கு மூடி சுவத்துல அடிச்சு சின்க் கண்ணாடி ஒடஞ்சிச்சு, கண்ணு தப்பிச்சது.

வினிகர் நாத்தம் வேணாம்னா கேக் சாமான் விக்கிற கடையில சிட்ரிக் ஆசிட் வாங்குங்க, லிட்டருக்கு 15 கிராம் போதும். டெவலப்பரே மாத்தணும்னா வைட்டமின் சி வெச்சு செய்ற எக்ஸ்டால் வகை பாருங்க, ஹைட்ரோகுவினோன் இல்ல. டி-76ல இருக்கிற மெட்டால் தொட்டா எனக்கு விரல் இடுக்குல வெடிச்சு அரிக்கும், நான் மாறினதுக்கு அதுதான் காரணம். கையுறை போடுங்க எல்லாரும்.


ஆயர்ஈத்தாம்_ரோல்
மூணு வாரம் கழிச்சு, சனி, மாலை 5:20

அக்கா, தாத்தா, எல்லாருக்கும் ரிப்போர்ட்.

நாலு சைபர் ஸ்டீல் வுல் ஹார்ட்வேர் கடையில கெடைச்சுச்சு. ஒரு வெள்ள பெயிண்ட் வாளிய கழுவி அதுல அஞ்சு லிட்டரையும் ஊத்தி பஞ்ச பிச்சு விட்டேன். மொத நாள் ஒண்ணுமே தெரியல. ரெண்டாம் நாள் பஞ்சு மேல கறுப்பா படிய ஆரம்பிச்சு, அஞ்சாம் நாள் கிண்டுறப்ப பஞ்சு கரண்டியில சேறு மாதிரி ஒடஞ்சு விழுந்துச்சு. தண்ணி துருத்தண்ணி கலருக்கு மாறிடுச்சு. முட்ட வாசன வந்துச்சு, கோழிக்கொட்டாய் கூரைக்குக் கீழ வெச்சிருந்ததால பரவாயில்ல, கோழி இப்ப இல்ல. செம்புக் கம்பிய மொத நாள் விட்டப்ப ரெண்டு நிமிஷத்துல ஈயம் பூசின மாதிரி வெளுத்துச்சு. பத்தாம் நாள் லேசா மங்கலா வந்துச்சு. இன்னும் கொஞ்சம் பஞ்சு போட்டேன். பதினாறாம் நாள் விட்டேன், செம்பு செம்பாவே வெளிய வந்துச்சு. அம்மாவ கூப்ட்டு காட்டினேன்.

அடியில தங்கினது கறுப்புச் சகதி, வடிகட்டி ஒரு ஜாம் போத்தல்ல முக்கால்வாசி. தண்ணிய ஊத்தல. கொம்தார்_நிழல் சிஸ்டர் எனக்கு தனி மெசேஜ்ல அவங்களுக்குத் தெரிஞ்ச காலேஜ் லேப் ஆள சொன்னாங்க, அவரு சகதியையும் தண்ணியையும் அவங்க 423 டிரம்ல பதிஞ்சு வாங்கிக்கிறதா சொல்லியிருக்கார், அடுத்த வெள்ளிக்கிழம போறேன். மூணு மொழியிலயும் லேபிள் எழுதி ஒட்டியிருக்கேன், தேதி, என்ன பொருள், குடிக்காதே, எல்லாம்.

பக்கத்து வீட்டு பையன் இப்பவும் டீ வடிகட்டியோட வர்றான். ஜாம் போத்தல்ல நாலு கப்பி புடிச்சு எங்கிட்ட காட்டினான், நானும் ஒரு போத்தல காட்டினேன், தொடாதேன்னு சொல்லி. இப்ப எல்லா கெமிக்கலையும் பூட்டு போட்ட அலமாரியில வெச்சிட்டேன்.

ஒரு கேள்வி அக்கா, சகதி போத்தலோட தகர மூடி ரெண்டே நாள்ல துரு புடிச்சு ஒட்டிக்கிச்சு, என்ன செய்றது?


லேப்_அக்கா_பிஎம்
சனி, இரவு 7:33

ரொம்ப சந்தோஷம் தம்பி. சகதியில ஈரமும் தயோசல்ஃபேட்டும் மிஞ்சியிருக்கு, அதான் தகரத்த அரிக்குது. வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பா, பிளாஸ்டிக் மூடி, அதுக்கு மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி சகதிய ரெண்டு தடவ தண்ணி விட்டு அலசுங்க, அலசின தண்ணி அந்தத் துருத்தண்ணி கேன்லயே சேரட்டும். கையுறை போட்டுக்கிட்டு செய்ங்க, கண்ணாடி போத்தல் வாயில துரு புடிச்ச எடத்துல விரல் கிழியும்.


ஸ்டூடியோ_தாத்தா
சனி, இரவு 8:10

லேபிள பேனாவுல எழுதினா தண்ணி பட்டு அழிஞ்சிடும் தம்பி. பென்சில்ல எழுதி மேல செல்லோடேப் ஒட்டுங்க.